வியாசர்பாடியில் பாடினால் எங்கே கேட்கும்? சமுதாய வானொலியா, பாட்காஸ்டா?

போன ஆடியில் வியாசர்பாடியில் ஒரு மாடி அறையில் கானா பதிவு செய்துகொண்டிருந்தோம். சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலில் கனத்த போர்வையைத் தொங்கவிட்டிருந்தோம். பாடிய தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பக்கத்துத் தெருவில் இறந்துபோன மூட்டைத் தொழிலாளி ஒருவருக்காகப் பதினாறாம் நாள் காரியத்தில் பாடிய மரண கானாவை, வேர்க்க விறுவிறுக்க எங்களுக்காக முழுசாகப் பாடினார். முடித்ததும் புல்புல் தாரா என்ற தந்திக்கருவியை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "அக்கா, இது எங்க கேக்கும்?"

பாட்காஸ்ட் என்றேன். ஸ்பாட்டிஃபையில் வரும், யூடியூபில் வரும் என்றேன்.

"எங்கம்மா பட்டன் போன்தான் வெச்சினுகீறாங்க. அதுல வருமா?"

வராது என்றேன்.

"அதுல எஃப்.எம். வருதே. அதுலயாச்சும் போடுவீங்களா?"

அதற்கும் சரி என்று சொல்ல முடியவில்லை. எங்களுக்கு நேரம் கொடுத்துவந்த கல்லூரி வானொலி நகரின் தென்பகுதியில் இருந்தது. அதன் அலை வியாசர்பாடியை எட்டாது. பாட்காஸ்ட் அவர் தெருவரைக்கும் வருகிறது, அம்மாவின் போனுக்குள் நுழையாது. எஃப்.எம். அம்மாவின் போனில் இருக்கிறது, ஆனால் நிலையத்தின் அலை அவர் தெருவுக்கு வராது. இரண்டுக்கும் நடுவில் அந்த அம்மா இருந்தார். அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் கூடவே வந்தது.

நாங்கள் ஐந்து பேர். யாருக்கும் இது முழுநேர வேலை இல்லை. வடசென்னையின் கலைகளையும் அங்கே வாழ்கிறவர்களின் பாடுகளையும் அரைமணி நேர ஒலி நிகழ்ச்சியாகச் செய்வது என்று முடிவெடுத்துக் கிளம்பினோம். எதில் வெளியிடுவது என்று தீர்மானிக்க எட்டு மாதம் ஆயிற்று. இப்போது அதே முட்டுச்சந்தில் நிற்கிற இரண்டு மூன்று குழுக்கள் எங்களைக் கேட்கின்றன. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எத்தனை பேர் கேட்பார்கள் என்ற எண்ணிக்கையை நான் அளவுகோலாக வைக்கப்போவதில்லை. யாரைப் பற்றி நிகழ்ச்சி செய்கிறோமோ, அவர்கள் வீட்டில் அது கேட்குமா? எல்லா வழிகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டோம்.

கொஞ்சம் பின்னணி. வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய ஒரு வழக்கில். அதற்குப் பிறகும் சாதாரண மக்களுக்கு அலை கிடைக்க வருடங்கள் ஆயின. சமுதாய வானொலி, அதாவது ஒரு வட்டாரத்து மக்களுக்காக லாப நோக்கில்லாமல் நடக்கும் சிறு எஃப்.எம். நிலையம், நடத்த 2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவு திறந்தது. அந்த வழியாக 2004 பிப்ரவரி 1 அன்று கிண்டி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4-ல் ஒலிக்கத் தொடங்கியது. நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி அது. சென்னைக்காரர்கள் நிறையப் பேருக்கு இது தெரியாது. 2006-ல்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி வந்தது. பாட்காஸ்ட் என்ற சொல் ஆங்கிலப் பத்திரிகையில் முதன்முதலாக அச்சேறியதும் அதே 2004-ல்தான். இரண்டுக்கும் ஒரே வயது. ஒன்றுக்கு டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும், மற்றதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

சொந்தமாக ஒரு நிலையம்

எல்லோருக்கும் வருகிற முதல் ஆசை இதுதான். எங்களுக்கும் வந்தது. இரண்டே வாரத்தில் போயும்விட்டது.

தனி ஆள் விண்ணப்பிக்க முடியாது. கட்சிகளுக்கும், லாப நோக்கில் நடக்கும் நிறுவனங்களுக்கும் இடமில்லை. பதிவு செய்து குறைந்தது 3 ஆண்டாவது ஆன அமைப்பாக இருக்க வேண்டும். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தில் தொடங்கும் கோப்பு உள்துறை, பாதுகாப்பு, தொலைத்தொடர்பு என்று சுற்றி வரும். எல்லாம் கூடி வந்தால் கிடைப்பது 100 வாட் திறனும், அதிகபட்சம் 30 மீட்டர் உயரக் கோபுரமும். எஃப்.எம். அலை நேர்கோட்டில் போவது. நம் ஊர் அடுக்குமாடிகளுக்கு நடுவே அது ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் தெளிவாகக் கேட்கும், நல்ல இடமாக அமைந்தால் பத்து வரை போகும்.

வருமானத்துக்கு வழியே இல்லை என்று சொல்லக் கூடாது. 2024 பிப்ரவரி 13, உலக வானொலி நாளன்று, அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டில் திருத்திய விதிகளை வெளியிட்டார்கள். மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரம் 12 ஆனது. அரசு விளம்பரத்துக்கான கட்டணம் 10 வினாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக உயர்ந்தது. நிகழ்ச்சிகளைத் தீர்மானிக்கும் குழுவில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். எனக்கு இதில் மிகப் பிடித்தது அந்தக் கடைசி விதிதான். ஆனால் விளம்பரம் வந்தால்தான் 74 ரூபாய். வராத மாதத்திலும் மின்கட்டணம், வாடகை, கருவியைப் பார்த்துக்கொள்கிறவரின் சம்பளம் எல்லாம் வரும். வாரம் அரைமணி நேரம் பேசுவதற்கு எங்களிடம் விஷயம் இருந்தது. நாள்முழுக்க நிரப்புவதற்கு ஆளும் இல்லை, சரக்கும் இல்லை.

இந்த வழி யாருக்குப் பொருந்தும் என்று பார்க்கப் பாம்பனுக்குப் போக வேண்டும். 2016-லிருந்து அங்கே மீனவர்களுக்காகக் கடல் ஓசை 90.4 இயங்குகிறது. கேட்கிறவர்கள் ஒரே தீவில், ஒரே தொழிலில் இருக்கிறார்கள். காற்று எப்படி, கடல் எப்படி என்று தினமும் ஒரே கேள்வி கேட்கிறார்கள். அப்படி ஒரு கூட்டம் இருந்தால் 100 வாட் தாராளம். காசிமேட்டிலோ எண்ணூரிலோ கட்டுறுதியான மீனவர் சங்கம் ஒன்று முன்வந்தால், பாட்காஸ்ட் பக்கம் திரும்பாமல் இதற்கே விண்ணப்பியுங்கள் என்றுதான் சொல்வேன். நகரமெங்கும் சிதறிக் கிடக்கும் கலைகளைப் பற்றிப் பேசுகிற எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு இது தாங்காத சுமை.

கல்லூரி வானொலியில் வாரம் அரைமணி

இதில்தான் அதிக நாள் இருந்தோம், அதிகம் கற்றதும் இங்கேதான்.

அண்ணா எஃப்.எம். தவிர, நுங்கம்பாக்கத்தில் எம்.ஓ.பி. வைணவ மகளிர் கல்லூரியின் 107.8 இருக்கிறது, இன்னும் சில கல்லூரிகளும் நடத்துகின்றன. வெளிக்குழுக்கள் நிகழ்ச்சி செய்து கொடுத்தால் இப்படிப்பட்ட நிலையங்கள் வாங்கிக்கொள்வதுண்டு. குறைந்தது பாதி நிகழ்ச்சியாவது உள்ளூரிலேயே, உள்ளூர் மக்களை வைத்துத் தயாராக வேண்டும் என்பது விதி. ஆகவே நாம் போய்க் கேட்பது சலுகை கேட்பதாகாது. அவர்களுக்கும் நாம் தேவை.

நல்லதை முதலில் சொல்கிறேன். ஒலிபுகாத அறை கிடைத்தது. காது நல்ல பயிற்சி பெற்ற மாணவர்கள் உடன் உட்கார்ந்தார்கள். சனிக்கிழமை மாலை என்று ஒரு நேரம் கிடைத்தது. இந்த நேரம் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். பாட்காஸ்டில் தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாம். அலைவரிசையில் சனிக்கிழமை வந்தால் நிகழ்ச்சி கொடுத்தாக வேண்டும். எங்களை ஒரு குழுவாக்கியது அந்தக் கட்டாயம்தான். கேட்கிறவர்களுக்கும் அப்படித்தான். சமைத்துக்கொண்டே, இஸ்திரி போட்டுக்கொண்டே, ஆட்டோ ஓட்டிக்கொண்டே கேட்கிறவர்கள் தேடிப் பிடித்துக் கேட்பதில்லை. அந்த நேரத்தில் அங்கே அது ஒலிக்கிறது, காதில் விழுகிறது. நிலையத்துக்குப் பக்கத்தில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மா ஒருவர், பறையைப் பற்றி நாங்கள் செய்த நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு, செங்கல்பட்டுப் பக்கம் தன் ஊரில் யார் யார் அடிப்பார்கள் என்று சொல்ல நிலையத்துக்கே வந்துவிட்டார். பாட்காஸ்டில் எங்களுக்கு எத்தனையோ கருத்துகள் வந்திருக்கின்றன, இப்படி ஒருவர் நடந்து வந்ததில்லை.

வெள்ளக் காலத்தை மறக்கக் கூடாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் பல பகுதிகளில் மின்சாரம் போனது, செல்போன் சிக்னலும் போனது. அப்போது பாட்காஸ்டால் எந்தப் பயனும் இல்லை. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோதான் பேசியது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கடலூரில் 107.8-ல் தற்காலிகமாக ஒரு பேரிடர் வானொலியே நடத்தினார்கள். குடியிருப்பின் பாதுகாப்பும் உங்கள் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்றால், இந்த ஒரு காரணமே வானொலிப் பக்கம் தராசைச் சாய்த்துவிடும்.

இனி இடிபட்ட இடங்கள். முதலாவது தூரம். கிண்டி வளாகத்திலிருந்து வியாசர்பாடி நேர்கோட்டில் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர், காசிமேடு 14, எண்ணூர் இருபதுக்கும் மேல். கல்லூரி இருக்கும் இடத்தில்தான் கல்லூரி வானொலி இருக்கும். அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றி வட்டத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்வதாகவே எங்கள் நிகழ்ச்சி முடிந்தது. அதிலும் பயன் உண்டு, மறுக்கவில்லை. கோட்டூர்புரத்தில் ஒருவர் முதன்முறையாக மரண கானாவைக் காது கொடுத்துக் கேட்டால் நல்லதுதான். ஆனால் பாடியவரின் அம்மாவுக்குக் கேட்கவில்லை.

இரண்டாவது, கல்லூரி நாட்காட்டி. செமஸ்டர் தேர்வு வந்ததும் எங்கள் நேரத்தில் பழைய பதிவுகளைப் போட்டார்கள். எங்களோடு ஒரு வருடம் உழைத்து, கானாவின் தாளத்தை எப்படிப் பதிவு செய்வது என்று எங்களுக்கே சொல்லிக்கொடுத்த பெண், படிப்பை முடித்துக்கொண்டு மே மாதத்தில் போய்விட்டாள். ஜூலையில் வந்த புதியவர்களோடு மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இது யார் குற்றமும் இல்லை, அந்த அமைப்பே அப்படி. தொடங்கும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.

மூன்றாவதுதான் எங்களை அதிகம் வருத்தியது. சமுதாய வானொலியில் செய்தி சொல்லக் கூடாது. ஆகாசவாணி செய்தியை அப்படியே மறுஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். உள்ளூர் விழா, கலை நிகழ்ச்சி, வானிலை, தண்ணீர், மின்சார அறிவிப்பு, சுகாதார எச்சரிக்கை போன்றவை செய்திக் கணக்கில் வராது என்று விலக்கு இருக்கிறது. எனவே கலைக்கு ஒரு தடையும் இல்லை. சமூகப் பிரச்சினை என்று வரும்போதுதான் கோடு எங்கே என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருந்தது. மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது நினைவிருக்கும். அதைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தோம். தோல் அரிப்புக்கு என்ன செய்வது என்று மருத்துவர் பேசியது ஒலிபரப்பானது. வலையெல்லாம் எண்ணெயில் ஊறிப்போன ஒருவர், நிவாரணப் பட்டியலில் தன் பெயர் ஏன் இல்லை என்று கேட்ட இரண்டு நிமிடத்தை வெட்டச் சொன்னார்கள். நிலையத்தின் உரிமத்துக்கு ஆபத்து வரக்கூடாது என்ற அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. அந்த மனிதரைப் போய்ப் பார்த்து இதைச் சொல்ல வேண்டியிருந்தது என் பங்கு.

இன்னொன்று, விதிப்படி நிலையங்கள் ஒலிபரப்பியதை 3 மாதம் பாதுகாத்தால் போதும். அதற்கப்புறம் அந்தக் குரல் எங்கே இருக்கும் என்பது உங்கள் பொறுப்பு. எங்கள் முதல் நான்கு நிகழ்ச்சிகளின் நல்ல பிரதி இன்று யாரிடமும் இல்லை. எந்த நிலையத்துக்குக் கொடுத்தாலும் மூலப்பதிவை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு இடத்தில்.

பாட்காஸ்ட்

தொடங்குவது சுலபம். சில ஆயிரம் ரூபாயில் ஒரு மைக், யாரிடமாவது இருக்கும் மடிக்கணினி, இலவச எடிட்டிங் மென்பொருள், பணம் வாங்காமல் கோப்பை வைத்துக்கொள்ளும் தளம். ஸ்டுடியோ இல்லையென்றால் துணி அலமாரி நிறைந்த அறை போதும். துணி எதிரொலியை நன்றாகவே உறிஞ்சும். எதைப் பேசுவது என்று யாரும் கட்டுப்படுத்துவதில்லை. எண்ணூர் மீனவரின் அந்த இரண்டு நிமிடத்தை முழுசாகப் போட்டோம். நிகழ்ச்சி இருபது நிமிடமாகவும் இருக்கலாம், ஒன்றரை மணி நேரமாகவும் இருக்கலாம்.

இந்தக் கடைசிச் சுதந்திரம் கலைகளுக்கு எவ்வளவு முக்கியம் என்று தெருக்கூத்தில் கை வைத்தபோதுதான் தெரிந்தது. விடிய விடிய நடக்கிற ஒன்றை அரைமணியில் எப்படிச் சொல்வது? கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவை நா. முத்துசாமி 1977-ல் தொடங்கி, கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானை வரவழைத்து நடிகர்களுக்குக் கற்றுத்தர வைத்ததால் சென்னைக்கும் கூத்துக்கும் ஓர் உறவு உண்டு. அதைப் பற்றிப் பேச்சாக ஒரு வானொலி நிகழ்ச்சி செய்தோம், நன்றாகவே வந்தது. ஆனால் கூத்து அதில் இல்லை. திரைக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் பாடுவது, கட்டியக்காரன் குறுக்கே புகுந்து கேள்வி கேட்பது, முகவீணை என்ற ஊதுகருவி ஏறி இறங்குவது, சலங்கையோடு பலகையில் மிதிக்கும் அடி, இதெல்லாம் நிதானமாக வர வேண்டும். பாட்காஸ்டில் ஒரு கட்டத்தை எழுபது நிமிடம் வெட்டாமல் விட்டோம். ஹெட்போனில் கேட்டவர்கள், வயல்வெளியில் உட்கார்ந்திருந்தது போல இருந்தது என்றார்கள்.

கானாவுக்கு நிலைமை வேறு. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடையேறிய பிறகு, கானாவைத் தேடிக் கேட்கிறவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இணையத்துக்கு நிகரில்லை. ஆனால் கானாக்காரர்கள் காலங்காலமாகச் சினிமா மெட்டில் தங்கள் சொற்களைப் போட்டுப் பாடுகிறவர்கள். மெட்டு அடையாளம் தெரிந்தால் யூடியூபில் உரிமைக்கோரல் வந்து நிற்கும். சொந்த மெட்டில் பாடியதை மட்டும் ஏற்றினால் கானாவின் பாதியை மறைத்ததாகிவிடும். மெட்டு கடன் வாங்கிய பாடல்களை இணையத்தில் ஏற்றாமல் பதிவாக மட்டும் வைத்திருக்கிறோம். இதற்கு நல்ல வழி இன்னும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

யார் கேட்கிறார்கள்? எங்கள் கணக்கில் பெரும்பாலோர் நாங்கள் போயே பார்க்காத ஊர்களில் இருந்தார்கள். சிங்கப்பூர், துபாய், பெங்களூர். ஊரைப் பிரிந்து போனவர்களுக்கு ராயபுரத்து மீன் ஏலத்தின் சத்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்கள் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பாசத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த ஏலத்தில் கூடை தூக்குகிற அம்மாக்களில் ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை. ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறவர்களும், பாட்டு, சீரியல், வாட்ஸ்அப் தவிர இன்னொரு செயலியைத் திறந்து தேடிக் கேட்பதில்லை. பாட்காஸ்ட் என்ற சொல்லே அவர்களுக்கு அந்நியம்.

இணையத்தில் போட்டுவிட்டால் என்றைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலியை 2024-ல் மூடிவிட்டார்கள். ஒரே தளத்தை நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது இதற்கு நேரெதிரான ஒன்று: நாம் விரும்பாதபோதும் அது அழியாமல் இருப்பது. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடம்பெயர்க்கப்பட்ட குடும்பங்களைப் பற்றி ஒரு தொடர் செய்தோம். ஒரு பெண் மனம்விட்டுப் பேசினார். வீடு ஒதுக்கீட்டில் நடந்தது, கணவரின் குடி, மகள் பள்ளியை விட்டது எல்லாம். பெயர் போடவில்லை. இரண்டு மாதம் கழித்து அவர் வேலை செய்யும் வீட்டில் யாரோ குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள். வானொலியில் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும். இங்கே யார் வேண்டுமானாலும் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்கலாம், வெட்டி அனுப்பலாம். அன்றே அந்தப் பதிவை எடுத்துவிட்டோம். அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பேசியவருக்கு, எடிட் செய்ததை முழுசாகப் போட்டுக் காட்டாமல் எதையும் ஏற்றுவதில்லை. எடுத்துவிடுங்கள் என்று எப்போது சொன்னாலும் காரணம் கேட்காமல் எடுக்கிறோம். வேறொரு குழு எங்களிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கூடிக் கேட்பதும் மெமரி கார்டும்

சென்னையில் வானொலி தொடங்கியதே கூட்டமாகக் கேட்பதில்தான். 1924-ல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது, பணமில்லாமல் சில வருடங்களில் நின்றது. பிறகு 1930-லிருந்து மாநகராட்சியே ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. 1938-ல் அகில இந்திய வானொலி நிலையம் வரும்வரை அதுதான். வீட்டில் பெட்டி வைத்திருந்தவர்கள் சிலரே. மற்றவர்கள் கடற்கரையில் ஒலிபெருக்கியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

இதைப் படித்தபிறகுதான் எங்களுக்குத் தைரியம் வந்தது. புளியந்தோப்பில் ஒரு டீக்கடை வாசலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு ஸ்பீக்கரை வைத்து, எடிட் செய்த நிகழ்ச்சியைப் போட்டோம். முதல் வாரம் பதினைந்து பேர். பாதியில் நிறுத்தச் சொல்லித் திருத்தினார்கள், நடுவில் வேறு பாட்டைப் பாடினார்கள், நாங்கள் ஊர் பெயரைத் தப்பாகச் சொன்னதற்குத் திட்டினார்கள். அதையும் பதிவு செய்து அடுத்த நிகழ்ச்சியில் சேர்த்தோம். கேட்டவர்களே பேசுகிறவர்களாக மாறியது அங்கேதான். வானொலியிலும் இணையத்திலும் இத்தனை காலம் இருந்தும் எங்களுக்கு அது நடக்கவில்லை.

மெமரி கார்டு யோசனை எங்களுடையதல்ல. அந்தத் தெருவில் செல்போன் கடை வைத்திருக்கும் பாய் சொன்னது. பட்டன் போன் வைத்திருக்கிறவர்கள் அவரிடம் கார்டைக் கொடுத்துப் பழைய பாட்டுகளை ஏற்றிக்கொண்டு போவார்கள். "உங்க ஃபைலையும் குடுங்கம்மா, பாட்டோட பாட்டா ஏத்திடறேன்" என்றார். பேச்சும் பாட்டும் மட்டும் என்றால் நொடிக்கு 64 கிலோபிட், ஒற்றைத் தடம் (மோனோ) என்ற ஒலித்தரம் போதும். அரைமணி நிகழ்ச்சி 14 எம்.பி.க்குச் சற்று மேல்தான் வரும். 8 ஜி.பி. கார்டில் ஐந்நூறு நிகழ்ச்சி கொள்ளும். இணையம் வேண்டாம், அலை எட்ட வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பவும் அதே கோப்பு போதும். எத்தனை பேர் கேட்டார்கள் என்று மட்டும் தெரியாது. கடையில் போய்க் கேட்டால் பாய் உத்தேசமாகச் சொல்வார்.

இந்த வழிக்குக் குறைகள் உண்டு. டீக்கடையில் பெண்கள் வரவில்லை. ரேஷன் கடைக்குப் பக்கத்துத் திண்ணைக்கு மாற்றிய பிறகுதான் வந்தார்கள். வாராவாரம் ஒருவர் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வெளியூரில் யாருக்கும் தெரியாது. நிதி கேட்டுப் போகும்போது காட்ட ஒரு எண்கூட இருக்காது.

எதை எடுப்பது

உங்கள் மக்கள் நிலையத்தின் வட்டத்துக்குள் இருந்தால், கலையும் உடல்நலமும் படிப்பும்தான் உங்கள் பேச்சு என்றால், யோசிக்காமல் கல்லூரி வானொலிக்குப் போங்கள். செலவில்லை, ஒழுங்கு வரும், மாணவர்கள் வருவார்கள். கிண்டி, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், நுங்கம்பாக்கம் பக்கம் வேலை செய்யும் குழுக்கள் இந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் இருப்பது எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது. கேட்கிறவர்கள் கையில் எஃப்.எம். இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். புதிய ஸ்மார்ட்போன்கள் பலவற்றில் அது இல்லை. 2023-ல் மத்திய அரசு எஃப்.எம். வசதியை வையுங்கள் என்று போன் நிறுவனங்களுக்குச் சொல்ல வேண்டிய அளவுக்கு அது மறைந்து வருகிறது. பத்து வீட்டில் கேட்டாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி கேட்பதுதான் உங்கள் வேலை என்றால், நிலம், வீடு, கழிவு, நிவாரணம் என்று பொறுப்பானவர்களின் பெயர் சொல்லிப் பேச வேண்டும் என்றால், பாட்காஸ்ட்தான். அங்கே வெட்டச் சொல்ல நிலையம் இல்லை. ஆனால் அவதூறு வழக்கு வந்தால் தாங்குவதற்கும் நிலையம் இல்லை. ஆகவே ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நீளமான கலைப்பதிவுக்கும், ஊரைவிட்டுப் போனவர்களுக்கும், பத்து வருடம் கழித்து ஆராய வருகிறவருக்கும் அதுவே வழி.

வடசென்னை போல அலை எட்டாத இடத்தில், எளியவர்களோடு வேலை செய்கிறவர்கள் ஸ்பீக்கரிலும் மெமரி கார்டிலும் தொடங்குங்கள். அங்கே திருத்தம் வாங்கியதைப் பிறகு பாட்காஸ்டாக ஏற்றுங்கள். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்து ஒரு வருடத்தை இழந்தோம். இப்போது எங்கள் வரிசை இது: முதலில் திண்ணை, அடுத்து கார்டும் வாட்ஸ்அப்பும், அதற்குப் பிறகு இணையம். அதிலிருந்து செய்தி வாடை இல்லாத அரைமணியை மட்டும் கல்லூரி வானொலிக்கு மாதம் ஒருமுறை கொடுக்கிறோம், தென்சென்னையும் கேட்கட்டும் என்று. ஒரே பதிவுதான், எங்கே போகிறதோ அதற்கேற்ப வெட்டு மாறும்.

மரண கானா பதிவு கார்டில் ஏறி அந்த அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது கார்த்திகையில். ஒரு வாரம் கழித்துத் தம்பி போன் செய்தார். அம்மா இரண்டு தடவை கேட்டாராம். பாட்டில் இறந்தவரின் மகன்கள் பெயரெல்லாம் வருகிறது, மூத்த மகள் பெயரைக் காணோம் என்றாராம். "கடைசி வரிக்கும் கஞ்சி ஊத்துனது அந்தப் பொண்ணுதான்டா, அத்த வுட்டுட்டு இன்னாடா பாட்டு" என்று கோபித்துக்கொண்டாராம். தம்பி அந்த அடியை மாற்றி எழுதிவிட்டார். வரும் ஞாயிறு மறுபடி பதிவு. இந்த முறை அம்மாவும் அறையில் இருப்பேன் என்று சொல்லியிருக்கிறார், மின்விசிறியை நிறுத்தினாலும் பரவாயில்லையாம்.